டீச்சர் ஸ்பெஷல்

திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அந்த சாண்ட்விச் கடை திறந்த அன்று, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் நான்தான். இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசிப் பீரியடு முடிந்து வெளியே வரும்போது தொண்டை வறண்டிருக்கும். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் எந்தக் காலத்திலோ செரித்துப் போயிருக்கும். பஸ்ஸுக்கு எப்படியும் அரை மணி நேரம் நிற்க வேண்டும். அன்றைக்குப் பார்த்தால் எதிரே புதிதாக ஒரு கடை, வாசலில் வாழைமரம், உள்ளே நாலு மேசை. ஒருத்தரும் இல்லை. வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரிதான் போனேன்.

புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற கடை. அவர் ஷார்ஜாவில் ஒரு கஃபட்டீரியாவில் பதினோரு வருஷம் சாண்ட்விச் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர். அதிகம் பேச மாட்டார். கல்லாவில் அவள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். என் கையில் இருந்த நோட்டுக்கட்டைப் பார்த்துவிட்டு முன்னால் வந்து நின்று, "ஒங்களுக்கு எப்படி வேணும் டீச்சர்? வெங்காயம் போடவா? நல்லா முறுக விடவா, லேசா இருந்தாப் போதுமா?" என்று கேட்டாள்.

ஐம்பத்திரண்டு வயதில், எனக்கு எப்படி வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரருக்குக் காரம் ஆகாது, மகளுக்கு வெங்காயம் வாயில் தட்டுப்படக் கூடாது. மகள் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகும் நான் வெங்காயத்தைப் பொடிப்பொடியாகத்தான் நறுக்கிக்கொண்டிருந்தேன். தக்காளி வேண்டாம், நல்லா முறுகட்டும், குறுக்கே வெட்டிக் குடுங்க என்று ஏதோ தோன்றியதைச் சொன்னேன். வந்தது. அதுதான் எனக்குப் பிடித்த மாதிரி என்று சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்போது அங்கே கூட்டம் வராது. வந்தவர்களும் பப்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பெரியவர் தொட்டுக்க சாம்பார் கேட்டார். பலகையில் எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. தமிழில் எழுதுங்கள் என்றேன். மயோனைஸை எடுத்த உடனே தடவாமல் கேட்டுவிட்டுத் தடவுங்கள் என்றேன். மல்லிச் சட்னி ஒன்று வைத்தால் நம் ஊர் வாய்க்குப் பிடிக்கும் என்றேன். மூன்றையும் செய்தார்கள். கூட்டமும் மெல்ல வந்தது. அந்தக் கடையில் எனக்கும் ஒரு பாத்தியதை இருப்பதாக நினைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. நான் படியேறும்போதே திரும்பி, "டீச்சருக்கு வழக்கம் போல" என்று புருஷனிடம் சொல்லிவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே சில நாள் பசி இல்லாமலும் போயிருக்கிறேன்.

ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சயின்ஸ் டீச்சர் மாறுதலில் வந்தார். அதற்கு முன்னால் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வந்த ஒரு மாதத்தில் பிள்ளைகள் அவர் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிழலில் நிறுத்துகிற அளவுக்கு ஆகிவிட்டது. எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். என் குடையைக்கூட ஒருத்தி எடுத்துக் கொடுத்ததில்லை. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு டீச்சர் என்றால் அப்படித்தான் என்று பழகிப் போயிருந்தது.

ஆனால் அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறாது.

நான் முன்னால் நடந்து, எந்த மேசையில் காற்று வரும், எதைச் சாப்பிடலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். "டீச்சருக்கு வழக்கம் போல" அன்றைக்கும் வந்தது. சயின்ஸ் டீச்சர் அதைக் கேட்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரோ கல்லாவில் இருந்தவளிடம் பேச ஆரம்பித்திருந்தார். கால் மணி நேரம்தான். அதற்குள் அவள் பி.காம். படித்தவள், இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், புருஷன் ஷார்ஜாவில் இருக்கும்போது அவருடைய அப்பா இறந்து, வர முடியாமல் செல்போனில் பார்த்து அழுதது என்று எல்லாமே வெளியே வந்துவிட்டது. நான் ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்றால், நான் கேட்டதில்லை. இப்போது எழுதும்போது எளிதாகத் தெரிகிற இந்த விஷயம் அன்றைக்குத் தெரியவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றுதான் தோன்றியது.

பிறகு அவர் தனியாகவே போக ஆரம்பித்தார். பெரியவனுக்குப் பேச்சுப் பயிற்சிக்கு யாரைப் பார்ப்பது என்று விசாரித்துச் சொன்னார். அவருக்குப் புகுந்த வீடு கடற்கரைப் பக்கம் மீமிசல். ஊருக்குப் போய்விட்டு வருகிற திங்கட்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு தூக்கில் மீன் குழம்பு வந்தது. அவர் படியேறினால் கல்லாவில் இருப்பவள் எழுந்து நிற்பாள். புருஷன்காரர், என்னிடம் மொத்தமாக இருபது வார்த்தை பேசியிருக்க மாட்டார், சயின்ஸ் டீச்சர் வந்தால் சிரிப்பார். ஒரு நாள் எனக்குப் பிறகு வந்த அவருக்கு எனக்கு முன்னால் தட்டு வந்தது. சயின்ஸ் டீச்சர் அந்தத் தட்டை என் பக்கம் தள்ளி, நீங்க சாப்பிடுங்க டீச்சர் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னுடையது வரும்வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆயுத பூஜை லீவு முடிந்து போனபோது பலகையில் புதிதாக ஒரு வரி இருந்தது. டீச்சர் ஸ்பெஷல்.

அதைப் படித்ததும் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நான்தான் முதல் ஆள், மல்லிச் சட்னி என் யோசனை, டீச்சர் என்றால் வேறு யார்? எதுவும் கேட்காமல், தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாமல், வழக்கமானதைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பெருமையை வாயைத் திறந்து கேட்டு வாங்கக் கூடாது, அவர்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனதைப் பக்கத்தில் இருந்த பெண் பார்த்தாள்.

அந்த வாரம் திருச்சியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதைச் செய்தாலும் திருச்சியில் அதைவிட நன்றாக ஒன்று இருக்கும் அவருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வேலை மெனக்கெட்டு அவரை ஆட்டோவில் கூட்டிப் போனேன். என் பேரில் ஒரு அயிட்டமே போட்டிருக்கிறார்கள் என்று போகும்போதே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு டீச்சர் ஸ்பெஷல் கேட்டேன். வறுத்த நிலக்கடலையும் காய்ந்த மிளகாயும் அரைத்த துவையலைத் தடவி, நடுவில் அவித்த முட்டையும் வெங்காயமும் வைத்துச் சுட்டிருந்தது. நான் அப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை. அப்போதே எனக்குள் ஏதோ இடறியது. ஆனால் நாத்தனார் ஒரு வாய் கடித்துவிட்டு, கல்லாவைப் பார்த்து, இவ சொல்லிக் குடுத்ததா என்று கேட்டுவிட்டார்.

"இல்லீங்க. இது டீச்சரோட ஸ்கூல்ல இருக்காங்களே சயின்ஸ் டீச்சர், அவங்க சொன்னது. ஆலங்குடிக் கடலை இம்புட்டு இருக்கப்ப எதுக்குப் பாட்டில்ல அடைச்சதத் தடவுறீங்கன்னு கேட்டு, அவங்களே வந்து அரைச்சுக் காமிச்சாங்க" என்றாள் அவள். சொல்லும்போது முகமெல்லாம் சந்தோஷம். என்னைப் புண்படுத்துகிற எண்ணம் துளியும் இல்லை.

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முழுதும் சாப்பிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் நல்லாயிருக்கு என்று சொன்னது அந்த ஒன்றைத்தான்.

அன்றைக்கு ராத்திரிச் சமையலுக்கு முன்னாலேயே, அடுப்பங்கரையில் நின்றபடி, போனை எடுத்து அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்தேன். வாடிக்கையாளர்கள் எழுதுகிற இடம் இருக்கிறதே, அங்கே. என் கணக்கு மகள் தொடங்கிக் கொடுத்தது. ஒரு செம்பருத்திப் பூவும் இரண்டு இங்கிலீஷ் எழுத்தும்தான் இருக்கும், யாரென்று தெரியாது. இரண்டு நட்சத்திரம் போட்டேன். வரும் எல்லோரையும் ஒன்றாக நடத்துவதில்லை, வேண்டியவர்கள் வந்தால் வரிசை மாறுகிறது, நெடுநாள் வாடிக்கையாளர்கள் காத்திருக்க வேண்டியுள்ளது என்று எழுதினேன். எழுதிப் பார்த்தபோது அது போதாத மாதிரி இருந்தது. யாரோ கோபித்துக்கொண்டது போலத்தான் இருந்தது, குறை சொன்னது போல இல்லை. ரொட்டி பழையதாக இருந்தது என்று ஒரு வரி சேர்த்தேன். இன்னும் கவனம் தேவை என்று முடித்தேன்.

ரொட்டி பழையது இல்லை. ஒரு நாளும் பழையதாக இருந்ததில்லை.

அடுத்த நாலு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் போனபோது கடை வாடியிருந்தது. கூட்டம் குறையவில்லை, அவர்கள் இரண்டு பேர் முகம்தான் வாடியிருந்தது. அவள் என்னை மேசையில் உட்கார வைத்து, தன் போனை எடுத்து நான் எழுதியதை என்னிடமே காட்டினாள். படிக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை, ரொட்டி என்று எழுதியதைத்தான் அவராலே தாங்க முடியவில்லை என்றாள். தினமும் விடியும்போதே கீழராஜவீதிப் பக்கம் ஒரு பேக்கரிக்குப் போய்ச் சூடாக வாங்கி வருகிறவர். இதைப் படித்துவிட்டு நேரே அந்த பேக்கரிக்காரரிடம் போய், எனக்குப் பழசைக் கலந்து குடுத்தியா என்று சண்டை போட்டிருக்கிறார். அவரும் ரோஷக்காரர். இனிமேல் என் கடைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாராம். இப்போது வேறு இடத்தில் வாங்குகிறார்கள். என் தட்டில் இருந்தது அந்தப் புது ரொட்டி. வறவறவென்று இருந்தது.

"இதுக்குக் கீழ பதில் எழுதலாமாம் டீச்சர். எனக்கு எழுத வரலை. சயின்ஸ் டீச்சர்கிட்டக் கேட்டேன். ரெண்டு தடவை படிச்சுப் பாத்தாங்க. ஒங்களைக் கேக்கச் சொன்னாங்க. இந்த மாதிரி எழுதுறதுக்கு நீங்கதான் சரின்னாங்க."

எனக்கு எப்படிப் புத்தி போகிறது பாருங்கள். ரொட்டிக்காரரிடம் சண்டை என்று கேட்டபோது என் தப்பு உறைத்தது உண்மை. அடுத்த நொடியில், சயின்ஸ் டீச்சரைவிட நான் நன்றாக எழுதுவேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பேனாவும் தாளும் வாங்கி எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எங்களுக்கு ஒன்றுதான். காலையில் வாங்குகிற ரொட்டி அன்றைக்கே தீர்ந்துவிடும். அடுத்த முறை வரும்போது நீங்கள் யாரென்று சொல்லுங்கள், உங்கள் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டுகிறோம். அதை அவள் போனில் நானே அடித்தும் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

அந்தப் பதிலுக்குக் கீழே நிறையப் பேர் கட்டைவிரல் போட்டார்கள். தினமும் எடுத்துப் பார்ப்பேன். நான் எழுதியதை அழித்தால் அந்தப் பதிலும் கூடவே போய்விடும் என்று தெரியும். அதனால்தான் அழிக்காமல் வைத்திருந்தேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொன்றும் நடந்தது. எல்லோரும் ஒன்றுதான் என்று பதிலில் எழுதியாகிவிட்டதல்லவா, அதன்படி நடக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். டோக்கன் வந்தது. யாராக இருந்தாலும் கல்லாவில் நின்று, வேண்டியதைச் சொல்லி, நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். சயின்ஸ் டீச்சருக்கும் டோக்கன். அதைப் பார்க்க எனக்கு ஒரு நாள் நன்றாக இருந்தது. மறுநாள் நான் படியேறியபோது அவள் திரும்பிப் புருஷனிடம் எதுவும் சொல்லவில்லை. "என்ன வேணும் டீச்சர்?" என்று கேட்டாள். தக்காளி வேண்டாம், நல்லா முறுகட்டும், குறுக்கே வெட்டணும் என்று எல்லாவற்றையும் முதல் நாள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சயின்ஸ் டீச்சர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டீச்சர், ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அந்த ரொட்டி விஷயத்தை மட்டும் எடுத்திடுங்க. மத்தது நெசந்தான்."

நான் எந்த ரொட்டி என்று கேட்டேன். அவர் என் கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பேப்பர். நான் அப்போதுதான் சிவப்பு மையில் எழுதி முடித்திருந்தேன். இன்னும் கவனம் தேவை.

"என் வகுப்புப் பிள்ளைக நோட்டுலயும் அதுதான இருக்கு" என்றார். கேலி இல்லை அவர் குரலில்.

அன்றைக்குப் படித்த உடனே தெரிந்துவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை. நானே பதில் எழுதும்போது எனக்கே தோன்றி எடுத்துவிடுவேன் என்று நினைத்துத்தான் என்னிடம் அனுப்பினாராம். ஆக, நான் நன்றாக எழுதுவேன் என்பதற்காக இல்லை. அதைக் கேட்டபோது மாட்டிக்கொண்டோமே என்பதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

"ஒங்களுக்கு முன்னால எனக்குத் தட்டு வந்தது தப்புத்தான் டீச்சர். அன்னைக்கே நான் அவங்ககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார் அவர்.

மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சரி, எடுத்துடுறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போன பிறகு அந்தப் பெண்ணின் பேப்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால், கடையில் நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால், எனக்கு அவரை வெறுக்க வசதியாக இருந்திருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். என்னால் அது முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த நல்ல மனசின் மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் வந்தது.

எல்லாவற்றையும் அழித்தேன். பதிலும் கட்டைவிரல்களும் போயின. மறுநாள் கடைக்குப் போய், கல்லாவில் நிற்காமல் நேரே அடுப்புப் பக்கம் போனேன். புருஷன்காரரிடம், ரொட்டி பழையதாக ஒரு நாளும் இருந்ததில்லை, திறந்த நாள் முதலாகச் சாப்பிடுகிறவள் சொல்கிறேன், இப்போது வாங்குகிற ரொட்டிதான் சரியில்லை, பழைய இடத்துக்கே போங்கள் என்றேன். அதை எழுதியது யார் என்றும் சொல்லத்தான் போனேன்.

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "விடுங்க டீச்சர். யாரோ வயித்தெரிச்சல்ல எழுதிப்புட்டாங்க. நாந்தான் அவசரப்பட்டு அங்கிட்டுப் போய் வாயை விட்டுட்டேன்" என்றார். அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இன்று வரைக்கும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் பேக்கரிக்காரரிடம் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்ததாக அவள் சொன்னாள். பழைய ரொட்டியும் திரும்பி வந்தது. டோக்கன் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கூட்டத்துக்கு அதுதான் வசதியாக இருக்கிறதாம்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. கொஞ்சம் நிதானமாகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெரியவனுக்குப் பேச்சு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன். கேட்பதற்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பரவாயில்லை டீச்சர், இப்பப் பாட்டெல்லாம் பாடுறான் என்று ஆரம்பித்தவள் டோக்கன்காரர்கள் வந்ததும் பாதியில் விட்டுவிட்டாள். சயின்ஸ் டீச்சர் கேட்டிருந்தால் முழுக்கச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது.

போன வாரம் சாயங்காலம் நல்ல மழை. நானும் சயின்ஸ் டீச்சரும் ஒரே குடையில் ஓடிப்போய்க் கடைக்குள் நுழைந்தோம். உள்ளே நிற்க இடமில்லை. ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கால் வலிக்கும் உங்களுக்கு, உட்காருங்கள் என்று என்னை அதில் உட்கார வைத்தார். கால் வலி என்று அவரிடம் நான் எப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தட்டைக் கையில் பிடித்தபடி கல்லாவோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார். நனைந்து நின்ற காலேஜ் பிள்ளைகளும், கல்லாவில் இருந்தவளும், அடுப்பில் நின்றவரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன சொன்னாரோ, எல்லோரும் சிரித்தார்கள். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னீங்க என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என்னுடையது நன்றாக முறுகியிருந்தது. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன்.